மூச்சை எண்ணும் அந்த ஒரு நிமிடம்

நுரையீரல் நோயாளிகள் தங்கியிருக்கும் வார்டில், செவிலியர் ஒருவர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாடி பார்க்கிறார் என்றே அருகில் இருப்பவர்கள் கருதுகிறார்கள். பல வேளைகளில் நாடியை அவர் முன்பே எண்ணி முடித்திருப்பார். கையை விடாமல் அவர் இப்போது எண்ணுவது நோயாளியின் மூச்சை. தம் மூச்சை ஒருவர் எண்ணுகிறார் என்று தெரிந்தவுடன் எவருக்கும் மூச்சின் நடை மாறிவிடும். அதனால்தான் இந்தச் சிறு மறைப்பு. மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பார்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு நம்பத்தக்கது.

அந்த ஒரு நிமிடத்தில்தான் நாம் பெரும்பாலும் குறுக்கிடுகிறோம். வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று உறவினர் கேட்கிறார். அடுத்த கட்டிலில் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதென்று ஒருவர் அழைக்கிறார். மருத்துவர்களாகிய நாங்களும் வாசலில் நின்று கோப்பைக் கேட்கிறோம். எண்ணிக்கை பாதியில் அறுந்துபோகிறது. மூச்சுநோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சைகளுள் இந்த ஒரு நிமிடமும் ஒன்று என்பதும், இதைக் காப்பது மருத்துவர், குடும்பத்தார் ஆகிய இரு தரப்பாரின் கடமை என்பதும் எங்கள் உறுதியான கருத்து. இக்கருத்துக்கு நாங்கள் வந்த வழி பெருமைக்குரியதன்று. எனினும் அதைச் சொல்லியாக வேண்டும்.

பட்டமேற்படிப்புக் காலத்தில், வேறோர் ஊரில், இரவுப் பணி மருத்துவர்களாக இருந்தோம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் பல ஆண்டுகள் துன்புற்ற முதியவர் ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். மூன்று இரவுகளாகப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழித்தவர். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 89 என்று காட்டியது. அந்த எண் குறைவு என்று அஞ்சிய மகன், யாரிடமும் கேளாமல் ஆக்ஸிஜன் குமிழைத் திருகிக் கூட்டிவிட்டார். எண் 99-க்கு ஏறியது. சற்று நேரத்தில் தந்தையும் சாய்ந்து உறங்கினார். குடும்பமே ஆறுதல் அடைந்தது.

நள்ளிரவில் செவிலியர் வந்தார். "அப்பா இப்பதான் கண்ணசந்தாரு. எழுப்பாதீங்க சிஸ்டர்" என்று மகன் கைகூப்பினார். செவிலியர் எழுப்பவில்லை; மூச்சை எண்ணினார். நிமிடத்துக்குப் பத்து, அதுவும் மேலோட்டமான மூச்சு. பிறகு பெயரைச் சொல்லி அழைத்தார். முதியவர் கண்ணைத் திறந்து மூடினார். எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. செவிலியர் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் கேட்ட முதற்கேள்வி, "ஆக்ஸிஜன் எவ்வளவு?" என்பது. "தொண்ணூற்றொன்பது" என்றார். "அப்படியானால் காலையில் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டோம்.

கால் மணி நேரத்தில் மீண்டும் அழைப்பு வந்தது. "மூச்சு எட்டாகிவிட்டது. நீங்கள் இப்போதே வரவேண்டும்." குரலில் பணிவு இருந்தது, ஆனால் மறுக்க இடமில்லாத பணிவு. சென்று பார்த்தபோது முதியவரின் இரத்தத்தில் கரியமில வாயு ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருந்தது. ஆக்ஸிஜனைக் குறைத்து, முகமூடி வழியாக மூச்சுக்குத் துணை செய்யும் இயந்திரத்தைப் பொருத்தினோம். மறுநாள் பிற்பகல் அவர் காப்பி கேட்டார். எங்கள் சொற்படி காலை வரை விட்டிருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை. 99 என்ற எண்ணை நாங்கள் நம்பினோம். தம் கண்ணையும் எண்ணிக்கையையும் செவிலியர் நம்பினார். அன்று பிழைத்தது அவருடைய நம்பிக்கையால்.

இதில் மகனைக் குறைகூற ஏதுமில்லை. எண் கூடினால் நன்மை என்றுதான் எவரும் நினைப்பர். 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி வகுத்த தத்துவத்தின்மேல் எழுந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. பல உயிர்களைக் காத்த கருவி அது. ஆயினும் அது சொல்வது ஒன்றே ஒன்று: இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஆக்ஸிஜன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. அந்த ஆக்ஸிஜனைப் பெற நோயாளி எவ்வளவு பாடுபடுகிறார் என்பதை அது சொல்லாது. கரியமில வாயு வெளியேறுகிறதா, உள்ளே தேங்குகிறதா என்பதையும் சொல்லாது. குளிர்ந்த விரல், மருதாணி, நகப்பூச்சு, கை நடுக்கம் ஆகியவை அதன் கணக்கைக் கெடுக்கக்கூடும். மூடிய அறையில் கரி அடுப்பைப் புகையவிட்டு உறங்கியவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், அதையும் ஆக்ஸிஜன் என்றே கருதி நல்ல எண்ணைக் காட்டிவிடும்.

எல்லாருக்கும் ஒரே எண் பொருந்துவதும் இல்லை. நோயுற்ற பெரியவர் பலருக்கு 94 முதல் 98 வரை என்பது இலக்கு. நாட்பட்ட அடைப்பு நோயுடையோரில் கரியமில வாயு தேங்கும் தன்மையுள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், இத்தகைய நோயாளி ஆக்ஸிஜன் பெறும்போது 97 அல்லது அதற்கு மேல் காட்டினால், அதற்கு உச்ச ஆபத்து மதிப்பெண்ணாகிய 3 தரப்படுகிறது. நம் கதையின் முதியவருக்கு 89 சரியான எண். 99 அபாய எண். அதே முறையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையுள்ள மூச்சுக்கு மதிப்பெண் பூஜ்யம். 25-ஐத் தொட்டாலோ, எட்டும் அதற்குக் கீழுமாக இறங்கினாலோ 3. புதிதாக வந்த குழப்பத்துக்கும், அழைத்தால் மட்டுமே விழிக்கும் மயக்கத்துக்கும் 3. இவற்றைக் கண்டறியக் கைக்கடிகாரமும், கண்ணும், பெயர் சொல்லி அழைக்கும் குரலும் போதும்.

செவிலியரின் மதிப்பீடு எண்ணிக்கையோடு முடிவதுமில்லை. நோயாளி முழு வாக்கியமாகப் பேசுகிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறாரா? முழங்காலில் கையூன்றி முன்சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா? உதடும் நாக்கும் நீலம் பாரித்துள்ளனவா? மார்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் விரிகின்றனவா? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? சளி வெண்மையா, மஞ்சளா, இரத்தம் கலந்ததா? கால் வீங்கியுள்ளதா? இழுப்புச் சத்தம் கேட்கிறதா? கடுமையாகத் திணறும் ஆஸ்துமா நோயாளியிடம் இழுப்புச் சத்தம் திடீரென்று நின்றுபோவது குணம் அன்று. காற்றே உள்ளே போகவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். 'சத்தம் நின்றுவிட்டது' என்று வீட்டார் மகிழும் வேளையில் செவிலியர் ஓடுவதற்குக் காரணம் இதுவே.

'டாக்டர் கேட்டதையே சிஸ்டரும் கேட்கிறாரே' என்று பலர் சலித்துக்கொள்கின்றனர். நெய்வேலியில் அந்தக் கேள்விகளுக்குத் தனிப் பொருள் உண்டு. 1957-இல் தோண்டத் தொடங்கி 1961-இல் பழுப்பு நிலக்கரியைக் கண்ட ஊர் இது. நிலக்கரியை எட்ட அதன் மேலுள்ள மண்ணையும் மணற்பாறையையும் அகற்றியாக வேண்டும். மணற்பாறைத் தூளில் சிலிக்கா உண்டு. நுண்தூளாகப் பல்லாண்டுகள் உள்ளே சென்ற சிலிக்காவின் விளைவு, வேலையை விட்டு நெடுநாள் கழித்தும் வெளிப்படலாம். ஆகவே, 'என்ன வேலை பார்த்தீர்கள்?' என்ற கேள்விக்கு, 'ரிட்டயர்டு' என்பது விடையாகாது. சுரங்கத்திலா, நிலக்கரி கையாளும் பகுதியிலா, கொதிகலன் பக்கமா, அலுவலகத்திலா, எத்தனை ஆண்டு, ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தீர்களா என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டும். யார்மீதும் குற்றம் சுமத்த இதைக் கேட்பதில்லை. ஒவ்வோர் இருமலையும் சுரங்கத்தின் தலையில் போடுவதும் தவறு. ஒன்றையுமே கேளாமல் விடுவதும் தவறு. பீடி, சிகரெட், விறகடுப்பு, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை, இரவெல்லாம் எரியும் கொசுவர்த்திச் சுருள் ஆகிய அனைத்தும் நுரையீரலின் கணக்கில் ஏறுபவையே. ஒருமுறை மறந்ததை மறுமுறை கேட்கும்போது நோயாளி நினைவுகூர்வார். சில செய்திகளை மருத்துவரிடம் சொல்லத் தயங்கிச் செவிலியரிடம் சொல்வார்.

எளிய மதிப்பீட்டின் வலிமைக்கு நம் மாநிலமே சான்று. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானவுடனே யாருக்கு ஆபத்து மிகுதி என்று பிரித்தறிய, சுகாதாரப் பணியாளர்கள் ஐந்து செய்திகளைப் பார்க்கும்படி வகுத்தது: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பது. ஸ்கேனும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. இவற்றால் ஆபத்துடையோர் என்று அறியப்பட்டவர்களை மேல்மதிப்பீட்டுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் விரைவாக அனுப்புவதே நோக்கம். மூச்சை எண்ணுவது ஒரு மாநிலத் திட்டத்தின் தூண்களுள் ஒன்றாக நிற்கிறதென்றால், வார்டில் அதைச் சில்லறை வேலையாகக் கருத எங்களுக்கு உரிமையில்லை.

ஆயினும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பல மருத்துவமனைகளில் நோயாளிகளின் குறிப்பேடுகளைப் புரட்டினால், மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே எண் எழுதியிருப்பதைக் காணலாம். நாற்பது பேரும் ஒரே கணக்கில் மூச்சுவிடுவதில்லை. எண்ண நேரமின்றி எழுதப்பட்ட எண் அது. இதைச் செவிலியரின் குறை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. ஒருவர் தலையில் இத்தனை நோயாளிகளைச் சுமத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம் நின்று எண்ணு என்று கட்டளையிட முடியாது. போதிய செவிலியர் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. எங்கள் பங்குக்கு நாங்கள் ஏற்றுக்கொண்ட நெறி ஒன்று உண்டு: மூச்சை எண்ணிவிட்டு ஒரு செவிலியர் அழைத்தால், ஆக்ஸிமீட்டர் எண்ணைக் கேட்டுவிட்டு இருந்த இடத்தில் இருப்பதில்லை, எழுந்து செல்கிறோம். சென்று பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஐந்து நிமிடம்தான் இழப்பு.

உங்கள் பங்குக்குச் சிலவற்றை வேண்டுகிறோம். செவிலியர் கையைப் பிடித்து நிற்கும் அந்த நிமிடத்தில் பேசாதிருங்கள். நோயாளியிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் விடை சொல்லாதீர்கள். அவர் பேசும் விதமே ஒரு பரிசோதனை. ஆக்ஸிஜன் குமிழை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். எண் குறைந்தால் அழையுங்கள். வீட்டில் பயன்படுத்தும் இன்ஹேலரைக் கொண்டுவாருங்கள். அதை இழுக்கும் முறை சரியா என்று செவிலியர் பார்க்கட்டும். இரவில் எழுப்பினால் வருந்தாதீர்கள். உறக்கமா, மயக்கமா என்பது அழைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று உங்களால் மட்டுமே முடியும். 'இவர் நேற்றைப் போல் இல்லை' என்பதை எங்களைவிட முன்னதாக அறிபவர் நீங்கள். தயங்காமல் அதைச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைக்கு இருமலும் சளியும் இருந்தால் நீங்களே எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, வயிறும் மார்பும் ஏறுவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, அதன்பின் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு, உடனே அழைத்துவாருங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தும், மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ அப்போதும் காத்திருக்க வேண்டா.

அன்றைய இரவில் இரண்டாவது முறை அழைத்த அந்தச் செவிலியருக்கு நாங்கள் முறையாக நன்றி சொல்லவில்லை. முதன்முறை வராமல் போனதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. இப்போது இவ்வார்டில் மூச்சை எண்ணியபடி நிற்கும் ஒவ்வொரு செவிலியருக்கும் அந்த ஒரு நிமிடத்தை முழுதாக விட்டுக்கொடுப்பதே அக்கடனை அடைக்க எங்களுக்குத் தெரிந்த வழி. அதற்கு உங்கள் துணையை வேண்டுகிறோம்.