குப்பை நமது, நோய் எவரது?

ஊர் விழிக்கும் முன்னரே தெருவைத் துலக்குவோரைத் 'துப்புரவுப் பணியாளர்' என்று அழைத்து வந்தோம். இன்று 'தூய்மைப் பணியாளர்' என்கிறோம். பெயரில் ஏறிய மதிப்பு அவர்தம் உடல்நலத்தை எட்டியுள்ளதா என்பதே நமது வினா.

குடற்புழு நோய், தம்மைத் தூய்மையாக வைத்துக்கொள்ளாதோருக்கே வருமெனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. மனித மலத்தோடு வெளியேறும் கொக்கிப்புழுவின் முட்டை ஈரமண்ணில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தோலைத் துளைக்க வல்ல இளம்புழுவாகிறது. குப்பைமேட்டிலும் சாக்கடையோரத்திலும் வெறுங்காலோடு நிற்பவரின் விரலிடுக்கில் நுழைந்து, குருதிவழி நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. அங்கே குருதியை உறிஞ்சி வாழ்கிறது. உருளைப்புழுவின் முட்டையோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்கும். கழுவ நீரும் சோப்பும் கிட்டாத கையின் நகக்கண் வழியே வாயைச் சேரும். கொக்கிப்புழு மிகுந்தால் இரத்தசோகையும் களைப்பும் மூச்சிரைப்பும் தொடரும். 'வேலையில் சுணக்கம்' என நாம் குறைகூறுவது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் அன்றோ?

2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டம், 1 முதல் 19 வயதினர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்குகிறது. போற்றத்தக்க பணி. ஆயின் நம் பிள்ளைகளின் கழிவை அகற்றும் பெரியோர் அந்த வயது வரம்புக்குள் வாரார். அவர்களுக்கும் ஆண்டுதோறும் மலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, மருத்துவர் அறிவுரைப்படி மாத்திரை ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்புகள் தாமே முன்வந்து அளித்தல் வேண்டும்.

மாத்திரை மட்டும் போதாது. உள்ளிருக்கும் புழுவை அது வெளியேற்றும். மறுநாள் அதே மண்ணில் வெறுங்கால் பதிந்தால் புதுப்புழு புகும். பணியாளர்க்குக் கையுறையும் தக்க காலணியும் வழங்குக என்றும், குழந்தைகளின் அணையாடைகளை வீட்டார் பொதிந்து தருக என்றும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. 'கொடுத்தாலும் அணிவதில்லை' என்பார் உளர். அளவுக்குப் பொருந்தாததும் வெயிலில் வேர்த்து வழுக்குவதுமான கையுறையை எவர்தாம் நாள் முழுதும் அணிவர்? பணிக்கேற்ற பொருளைத் தருவதும், கிழிந்தால் மாற்றித் தருவதும் வழங்குவோர் கடமை.

மாணவச் செல்வங்களே! அரசு செய்யவேண்டியதைக் கேட்டுப் பெறுவோம். நாம் செய்யவேண்டியதை இன்றே தொடங்குவோம். குப்பையைப் பிரித்து வைப்போம்; மலம் தோய்ந்தவற்றைப் பொதிந்து தருவோம்; வாயிலுக்கு வரும் பணியாளர்க்குக் கைகழுவ நீரும் சோப்பும் அளிப்போம். நம் வீட்டுத் தூய்மைக்குப் பிறர் குருதி விலையாதல் தகுமோ?