கியர் ஆர் மாத்திறது?

போர்ஷே 911 ஜிடி3 காருக்கு ரெண்டு விதமான கியர்பொக்ஸ் உண்டு. 2021இல் வந்த மொடலில், பிடிகே எண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸ் இருந்தால் 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட 3.4 செக்கன். அதையே மனுவலில் எடுத்தால் 3.9. எஞ்சின் ஒண்டுதான். அந்த அரைச் செக்கனில் பெரும்பங்கு எங்கட காலும் கையும் தின்னுற நேரம்.

"மனுவல் ஓடுறவன்தான் உண்மையான டிரைவர்" எண்டு முகநூலில் சண்டை பிடிக்கிற பெடியளுக்கு இதைத்தான் முதலில் சொல்லவேணும். வேகம்தான் கணக்கு எண்டால் மனுவல் எப்பவோ தோத்துப்போச்சு. 1989இல் ஃபெராரி, ஃபோர்முலா 1 காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு மாதிரி ரெண்டு தகட்டைப் பூட்டிக்கொண்டு வந்தது. பிரேசிலில் முதல் போட்டியிலேயே நைஜல் மான்செல் அந்தக் காரில் வெண்டார். சில வருசத்துக்குள்ளே மற்ற அணிகளும் அந்த வழிக்கு வந்திட்டினம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டியில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் எடுத்ததை நாங்கள் எல்லாரும் ஷெயார் பண்ணினம். அந்தப் போர்ஷே கப் காரிலும் கியர் மாறுறது துடுப்பால்தான்.

இரட்டைக் கிளட்சின்ர சூட்சுமம் லேசானது. 1, 3, 5 ஒரு கிளட்சில். 2, 4, 6 மற்றதில். மூண்டில் ஓடிக்கொண்டிருக்கேக்கையே நாலு ஆயத்தமாய் நிக்கும். இதை எந்த மனிசக் காலாலும் வெல்லேலாது.

ஆனாலும் ஒரு வேடிக்கை நடந்தது. 2013இல் போர்ஷே ஜிடி3ஐ பிடிகேயோடு மட்டும் விட்டது. ரசிகர்கள் விடேல்லை. 2016இல் மனுவல் மட்டும் உள்ள 911 ஆர் வந்தது, 2017இல் ஜிடி3க்கும் மனுவல் திரும்பி வந்தது. காசு குடுத்து வாங்கிறவையே 'கொஞ்சம் மெதுவாய்ப் போனாலும் பரவாயில்லை, வேலையை எங்களிட்டைத் தாங்கோ' எண்டு கேட்டிருக்கினம். எங்களுக்கு இது பிடிச்சிருக்கு.

கிளிநொச்சியில் ஜிடி3 பாக்க யூடியூப்தான் வழி. இஞ்ச மனுவல் எண்டால் லாண்ட்மாஸ்டர், மெசி, டிப்பர், டிமோ பட்டா. (ஓட்டோ எண்டு நாங்கள் கூப்பிடுற முச்சக்கரவண்டியும் கையால் கியர் மாத்திறதுதான்!) பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிளும் மொரிஸ் மைனரும் ஓடின ஊர் இது. காதால் எஞ்சினைக் கேட்டு ஓடத் தெரிஞ்ச தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கு.

பிரச்சினை எங்க வருகுது எண்டால், லைசன்ஸில். ஓட்டோ கியர் காரில் சோதனை செய்தால் ஓட்டோ கியர் மட்டும் ஓடலாம் எண்டுதான் லைசன்ஸ் கிடைக்கும். விட்ஸ், வாகன்ஆர் ஓட அது காணும். ஆனால் ஓயெல் முடிச்சுப்போட்டு வேலை தேடுற ஒரு பெடியனுக்கோ பெட்டைக்கோ, டெலிவரி லொறியோ கட்டுமானக் கம்பனி வாகனமோ கிடைக்கேக்க அது கதவடைப்பு. லேசாய்ப் பாஸ் பண்ணலாம் எண்டு சேருறவைக்கு இதை ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லுறேல்லை. பயிற்சிப் பாடசாலைகள் படிவம் நிரப்பமுதல் சொல்லவேணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. போரிலும் கண்ணிவெடியிலும் காலை இழந்த எத்தனையோ பேர் வன்னியில் இருக்கினம். இடது கால் இல்லாத ஒருவருக்கு ஓட்டோ கியர் கார் எண்டது, ஆரையும் எதிர்பாராமல் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வாற வழி. "உண்மையான டிரைவர்" கதை அவையின்ர காதிலும் விழுகுது எண்டதை அதை எழுதுறவை யோசிக்கிறேல்லை. எங்களுக்கு அந்தக் கதையில் வாற கோவம் ஜிடி3இன்ர அரைச் செக்கனால் இல்லை, இதால்தான்.

ஏ9 வீதியில் இரவில் கியர் இறக்கிச் சத்தம் காட்டுறதையும் ஆரும் திறமை எண்டு எடுக்கவேண்டாம். மனுவல் பழக விருப்பம் எண்டால், உழவு மிசின் வைச்சிருக்கிற மாமா ஒராளைப் பிடியுங்கோ. சேத்து வயலில் அரைக் கிளட்சில் வரம்பு ஏத்திக் காட்டச் சொல்லுவார். காசு கேக்கமாட்டார், டீசல் மட்டும் நீங்கள் அடிச்சுக் குடுக்கவேண்டி வரும்.