மண்ணில் விட்ட மிச்சம்

ஆங்கிலத்தில் ‘கிளீன் அப்’ என்றொரு வினை உண்டு. அழுக்கை அகற்றுவது அதன் சாதாரண அர்த்தமாயினும், கொச்சைப் பேச்சில், வியாபாரத்தில் கொழுத்த லாபத்தை ஒருவன் வாரிக்கொண்டு போவதையும் அதே வினையால்தான் சொல்வார்கள். அதிலுள்ள ‘அப்’ என்ற சிறு சொல், நம் பாஷையில் ‘துடைத்துவிடு’, ‘குடித்துவிடு’ என்பவற்றின் ‘விடு’வைப் போல, காரியம் பூரணமாக முடிந்ததென்ற தொனியைத் தருவது. கோடைக்கானலின் பாதரச மாசு விஷயத்தில் அந்தத் தொனிக்கு ஆதாரமில்லை என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துவந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் கோடைக்கானலில் நிறுவப்பட்ட பாண்ட்ஸ் தெர்மாமீட்டர் ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாகி, மூஞ்சிக்கல்லில் பழைய சாமான் கடையொன்றில் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு கிடப்பதை ஊராரும் சூழல் இயக்கத்தாரும் அம்பலப்படுத்தியதையடுத்து, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசத்தைக் கட்டும் வித்தையில் சித்தர் போகர் வல்லவரென்பது பழநியின் ஐதீகம். அதே மலைத்தொடரின் உச்சியில் அதைக் கண்ணாடிக் குழலில் அடைத்து ஏற்றுமதி செய்தவர்களுக்கு அவ்வித்தை முழுதும் கைவரவில்லை போலும்! 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறிற்று. பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாக முறையிட்ட முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் கம்பெனி சமரசத்துக்கு வந்ததோ, 2015-இல் இம்மாசைப் பற்றிப் பாடகி சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாடல் உலகெங்கும் பரவிய பிறகு, 2016-இல்தான்.

எஞ்சியது மண். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாமென்பதே அங்கே சுத்தத்துக்கு வகுக்கப்பட்ட அளவுகோல். குடியிருப்புக்கு உகந்த அளவு அதுவென்றது கம்பெனி. ஆலையை ஒட்டிப் பாம்பார்ச் சோலை இருக்கையில் அது போதாதென்றனர் சூழலியலாளர். மனிதன் வீடு கட்டி வசிக்கத்தக்க அளவு வேறு. நீரில் கலந்து, நுண்ணுயிர்களால் உருமாறி, மீனின் உடலில் ஆண்டாண்டாகச் சேர்ந்துகொண்டே போகும் ஒரு வஸ்துவுக்குச் சோலையின் ஓரத்தில் அனுமதிக்கத்தக்க அளவு வேறு. ஆதலால் இரண்டாமவர் கட்சியிலேயே நியாயம் அதிகமென்று எனக்குத் தோன்றுகிறது.

லாபக் கணக்கில் ‘கிளீன் அப்’ என்ற அந்த வினை பொருந்துமா என்பதைக் கம்பெனியின் கணக்கர்களே அறிவார்கள். மண் கணக்கு ஊருக்குச் சொந்தம். ஆலை இருந்த நிலத்தில் வைக்கப்படும் பலகை எதுவானாலும், ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்பதோடு நில்லாமல், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மிச்சம் விடப்பட்டது என்பதையும் அதே பெரிய எழுத்தில், தமிழில் பொறிக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட வேண்டும்.