சங்கத்துப் பக்கம் போகாதே என்பவர்களுக்கு

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் புதிதாகக் கறுப்பு அங்கி மாட்டி வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே வழக்கறிஞர் சங்கம் பற்றி ஒரு புத்திமதி கிடைத்துவிடுகிறது: "சங்கத்துப் பக்கம் போகாதே, அங்கே வெறும் அரசியல்தான். ஆபீஸ் கட்டைப் பாரு, தொழில் தானா வரும்." இந்த ஆண்டு பதிவு செய்தவர்களுக்கும் இதையேதான் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக இருக்கிறது. இதைச் சொல்கிற சீனியர்களில் பலர், மறுநாள் காலை பஸ் ஏறி மதுரைக்குப் போய், உயர் நீதிமன்றக் கிளையில் வாதாடிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள். அந்தக் கிளை யாருடைய போராட்டத்தால் வந்தது என்று அவர்கள் மறந்துவிட்டார்களா?

2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்படும் வரை, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருந்து சிவில் வழக்கில் தோற்ற அம்பாசமுத்திரத்து விவசாயி, இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 600 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்குத்தான் போகவேண்டியிருந்தது. ராத்திரி முழுக்க ரயில் பயணம், லாட்ஜ் வாடகை, முகம் தெரியாத வக்கீலுக்குப் பீஸ். அத்தனையும் கட்டுப்படியாகாது என்றே எத்தனையோ பேர் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்போடு அடங்கிப் போனார்கள். நம் ஊர் வக்கீலும் கேஸ் கட்டைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் அதோடு சரி. இந்த அநியாயத்தை எந்தத் தனி ஆபீஸும் மாற்றவில்லை. எவ்வளவு பெரிய சீனியரும் தனியாக மாற்றவில்லை. தென்மாவட்டங்களின் வழக்கறிஞர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் தீர்மானம் போட்டு, தெருவில் இறங்கி, விடாமல் கேட்டதால்தான் அந்தக் கிளை வந்தது. இன்று நெல்லை ஜூனியர் ஒருவர் தன் பெயரிலேயே வக்காலத்துப் போட்டு மதுரையில் ரிட் மனு தாக்கல் செய்கிறார் என்றால், அன்று கூட்டத்துக்கு வந்து கை தூக்கிய பெயர் தெரியாத ஜூனியர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களும் "கட்டைப் பார்" என்ற புத்திமதியைக் கேட்டு உட்கார்ந்திருந்தால் இன்றும் நெல்லை எக்ஸ்பிரஸ்தான் நமக்கு உயர் நீதிமன்ற வாசல்.

சங்கம் என்றால் கோர்ட் புறக்கணிப்புதானே என்பார்கள். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகும் அற்ப காரணங்களுக்குப் புறக்கணிப்பு நடப்பது தவறுதான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதை யார் தடுப்பது? புறக்கணிப்பால் அதிகம் அடிபடுகிறவர் ஜூனியர். சீனியர் பீஸை முன்னமே வாங்கியிருப்பார். ஒரு வாரம் கோர்ட் நின்றால் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. அன்றாடம் கோர்ட் ஏறினால்தான் கையில் காசு என்றிருக்கும் ஜூனியருக்கோ மாத வாடகையே இடிக்கும். அடிபடுகிறவரைக் கூட்டத்துக்குப் போகாதே என்று தடுத்துவிட்டு, தீர்மானம் சரியில்லை என்று புலம்புவதில் என்ன நியாயம் இருக்கிறது?

காசு என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்தக் கணக்கில் நெல்லை ஜூனியருக்கு 15,000. அதைத் தரச்சொல்லி ஒரு ஜூனியர் தன் சீனியரிடம் தனியாக நின்று கேட்க முடியுமா? மறுநாளே வேறு ஆபீஸ் பார்க்கவேண்டியதுதான். சங்கத்தில் எல்லோருமாகச் சேர்ந்துதான் கேட்கமுடியும். சங்கத்துப் பக்கம் போகாதே என்ற புத்திமதியால் யாருக்கு லாபம் என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. பெண் வக்கீல்களின் நிலை இன்னும் மோசம். கோர்ட்டுகளில் கழிப்பறை கட்டித் தரச்சொல்லி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போடவேண்டி வந்தது. சங்க நிர்வாகக் குழுக்களில் பெண்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்திருந்தால் இது அவ்வளவு தூரம் போயிருக்குமா?

தொழில் கற்பது பாழாகும் என்ற வாதமும் நிற்காது. ஒரு பிராது குறைபாட்டோடு ரிட்டன் ஆகிறது. கொடுத்த கெடுவுக்குள் திருத்தித் திரும்பப் போடாவிட்டால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனுவும் சேர்த்துத் தாக்கல் செய்யவேண்டும். கோர்ட் கட்டணத்தில் என்ன குறை, எந்தப் பிரிவைத் தப்பாகப் போட்டோம் என்று ஆபீஸில் கேட்கப் பயப்படுகிற பிள்ளை, சங்க அறையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டு அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடும். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் பெரும்பாலும் வேறொரு ஆபீஸின் ஜூனியர். நாளைக்கு எதிர்த்தரப்பில் நிற்கப்போகிறவர். அவரோடு பழகினவர்தான் சமரசம் பேசவேண்டிய வழக்கில் சமரசம் பேசத் தெரிந்த வக்கீலாக வருவார்.

சீனியர்களே, பொதுக்குழு நாளில் உங்கள் ஜூனியரை வாய்தா வாங்க அனுப்பாமல் கூட்டத்துக்கு அனுப்புங்கள். தம்பி, தங்கைகளே, சந்தாவைப் பாக்கி வைக்காமல் கட்டுங்கள். தேர்தலில் ஓட்டுப் போடுங்கள். முடிந்தால் நீங்களே நில்லுங்கள்.