செல்லும் இடமும் செல்லாத் தாளும்

தமிழில் ‘செல்’ என்னும் வினைக்கு இரண்டு ஆட்சிகள் உண்டு. வழிப்போக்கன் ஊருக்குச் செல்கிறான். அவன் மடியிலுள்ள காசு கடையிற் செல்கிறது. வெகுளாமை பற்றிப் பேசப்புகுந்த வள்ளுவப் பெருந்தகையும், ஒருவன் சினம் பலிக்கும் இடத்தைச் ‘செல்லிடம்’ என்றே குறித்தார். நடத்தலும் மதிக்கப்படுதலும் நம் முன்னோர்க்கு ஒரு சொல்லுள் அடங்கிய பொருள்கள். ஆயினும் மனிதன் செல்லும் இடமெல்லாம் அவன் காசு செல்வதில்லை. கடல் கடந்த ஊரிற் கடைக்காரன் தாளைத் திருப்பித் தந்து கையை விரிக்கும்போதுதான், அது வெறுங் காகிதமென்பது நமக்கு உறைக்கிறது. இவ்வுண்மையை ஊவா மாகாணத்துத் தோட்டப்புற மக்களைப்போலத் தலைமுறை தலைமுறையாகப் பட்டறிந்தோர் வேறு எவரும் இலர் எனலாம்.

ஒரு காலத்தில் பாக்குநீரிணையின் இரு கரையிலும் ரூபாய் ஒன்றாகவே இருந்தது. இந்தியாவின் வெள்ளி ரூபாயே இலங்கைக்கும் மூல நாணயம். 1872ஆம் ஆண்டில் இங்கே ரூபாயை நூறு சதமாகப் பகுத்தனர்; அங்கே அணாக் கணக்கு 1957 வரை நீடித்தது. சில்லறை வேறுபட்டதேயன்றி ரூபாயின் மதிப்பு வேறுபடவில்லை. இலங்கை மத்திய வங்கி 1950இல் எழுந்த பின்னரும் இரு நாட்டு ரூபாயும் சமமாகவே நின்றன. 1966 ஜூன் மாதத்தில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோதே அச்சமநிலை முறிந்தது. 1967இல் இலங்கையும் தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு என்னும் நிலை அன்று தொடங்கியது. இலக்கணத்தில் இதனைப் பலபொருள் ஒருசொல் என்போம். அங்கே அது நயம், சந்தையிலோ இடர்.

இம்முறிவு நேர்ந்த காலத்தை நோக்குக. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. புறப்படும் குடும்பம் கொண்டு செல்லத்தக்க உடைமைக்கு விதிக்கப்படும் உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கப்படமாட்டாது என்பதும் அவ்வுடன்படிக்கையின் ஒரு விதி. ஆயுள் முழுதும் கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதியும் உபகாரப் பணமும் ஒரு நாட்டில் ஒரு மதிப்பாகவும், மறுநாட்டில் வேறு மதிப்பாகவும் எண்ணப்பட்டன. பதுளையிலும் தெமோதரையிலும் பண்டாரவளையிலும் ஏறித் தலைமன்னார் நோக்கிச் சென்ற அம்மக்களின் புகைவண்டியை மலையகத்தார் ‘அழுகைக் கோச்சி’ என்று அழைத்தனர். அழுகை உறவுப் பிரிவின்பொருட்டே. எனினும், மடியில் முடிந்த காசு அக்கரையில் என்ன பெறும் என்ற ஏக்கமும் அவ்வழுகையுள் கலந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அப்பயணங்களின் நடுவே, 1970 அக்டோபரில், நிதியமைச்சர் என். எம். பெரேரா அவர்கள் 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாவென அறிவித்தார். கறுப்புப் பணத்தை வெளிக்கொணர்தல் நோக்கமாகக் கூறப்பட்டது. நோக்கத்தை யாம் குறைகூறவில்லை. ஆனால், வங்கியிற் கணக்கு வைத்திருப்பவன் இத்தகைய அறிவிப்பால் அயர்வதில்லை. தகரப் பெட்டியிற் சேலை மடிப்புக்குள் பணம் வைப்பவளே அயர்கிறாள். நகருக்கு நடந்து சென்று, வரிசையில் நின்று, தெரியாத மொழியில் படிவம் நிரப்ப வேண்டியவள் அவளே. நாட்சம்பளக்காரிக்கு வரிசையில் நிற்கும் நாளும் ஒரு நாட்கூலியாயிற்றே!

இதற்கு மாறாக நடந்த அரசும் இந்நாட்டில் உண்டு. 1884ஆம் ஆண்டு மே மாதம், கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்துகொண்டிருந்த வேளையில், ஓரியண்டல் வங்கி முறிந்தது. அந்நாளில் அவ்வங்கி வெளியிட்ட தாள்களே நாட்டில் பெரிதும் புழங்கின. மக்கள் அஞ்சித் திகைத்தபோது, தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார். அவை அரசு வெளியிட்ட தாள்கள் அல்ல. ஏற்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆயினும் கையில் தாளை வைத்திருப்பவன் குற்றமற்றவன் என்ற நியாயம் வென்றது. அடுத்த ஆண்டே அரசு தன் சொந்தத் தாள்களை வெளியிடத் தொடங்கியது. 1886இல் பதுளையைத் தலைநகராக்கி ஊவா மாகாணத்தை வகுத்தவரும் அதே கோர்டன் என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நிய மண்ணிற் செல்லாத் தாளின் கதையில் நம் தோட்டத் துரைமாரின் தாயகத்துக்கும் இடமுண்டு. துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்து நாட்டவர். அந்நாட்டில் மூன்று வணிக வங்கிகள் இன்றும் தம் பெயரிலேயே பவுண் தாள் வெளியிடுகின்றன. பவுணின் மதிப்பு ஒன்றே. எனினும் இங்கிலாந்துக் கடைகளில் அத்தாளை ஏற இறங்கப் பார்ப்பாரும் மறுப்பாரும் உளர். ஒரே முடியின்கீழ் வாழும் அண்டை நாட்டாருக்கே இந்நிலையென்றால், கடல் கடந்து வரும் பிறநாட்டுத் தாளைப்பற்றிச் சொல்ல வேண்டுமோ? அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியில் அமர்ந்து தேயிலைச் சரிவுகளை நோக்கியவர் எனப் புகழ்பெற்ற தோமஸ் லிப்டன், இளமையில் கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை நடத்தியபோது, மெய்யான பவுண் தாளைப்போல விளம்பரத் தாள் அச்சிட்டு வழங்கினார். அதனை மெய்த்தாளென்றே மயங்கியோர் பலர். கடைக்காரன் அச்சிட்ட தாளும் அரசு அச்சிட்ட தாளும் காகிதத்தால் வேறுபடுவன அல்ல. பின்னால் நிற்கும் வாக்கினால் வேறுபடுவன.

அவ்வாக்கு ஓரிரவில் பிறழ்தலும் உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்தினுட் புகுந்தபோது, அங்கே வீட்டுப் பணிபுரிந்த இலங்கைப் பெண்கள் பல்லாயிரவர். அவர்கள் கையிலிருந்த குவைத் தினாரை ஈராக் செல்லாதாக்கியது. 1991இல் நாடு மீண்ட பின், கொள்ளைபோன தாள்களை முடக்கும்பொருட்டுக் குவைத் அரசு புதிய தாள்களை வெளியிட்டுப் பழையனவற்றை விலக்கியது. அகதியாய் ஊர் மீண்டவளுக்கு இவ்விரண்டினுள் எதனால் தன் கூலி காகிதமாயிற்று என்று விளக்குவார் யார்?

அண்மைக்கால நிகழ்வொன்றே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு இந்தியப் பிரதமர் 500, 1000 ரூபாய்த் தாள்களைச் செல்லாவென அறிவித்தார். வங்கியில் ஒப்படைக்கும் கெடு டிசம்பர் 30இல் முடிந்தது. அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்த இந்தியக் குடிமக்களுக்கு 2017 மார்ச் 31 வரையும், அயல்நாட்டில் வதியும் இந்தியக் குடிமக்களுக்கு ஜூன் 30 வரையும் கெடு நீட்டப்பட்டது. இந்திய வம்சாவளியினராயினும் பிறநாட்டுக் குடியுரிமை பெற்றோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நேபாள மக்கள் கையிற் கிடந்த தாள்களின் சிக்கலும் நெடுங்காலம் தீராமல் நின்றது.

எம் மாணவன் ஒருவனின் பாட்டியார் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர். கோத்தகிரிக்குக் குடிபெயர்ந்த தம் தங்கையைக் கண்டு மீண்டபோது, மறுமுறை சென்றால் பஸ் கட்டணத்துக்கு உதவுமென நான்கு 500 ரூபாய்த் தாள்களை முடிந்து வைத்தார். மறுமுறை செல்ல மூன்றாண்டு ஆயிற்று. “ஐயா, இதிலே நம்ம தமிழ் எழுத்திலேயே ஐந்நூறு ரூபாய்னு போட்டிருக்கே, பிறகு எப்படிச் செல்லாது?” என்று அவ்வம்மையார் எம்மைக் கேட்டார். மெய்தான். இந்தியத் தாளின் மொழிப்பட்டியில் தமிழும் ஒன்று. எழுத்துத் தெரிந்தவரை ஏமாற்றாத எழுத்து அது என்று இத்தனை காலம் நம்பியிருந்தார். எம்மால் தக்க மறுமொழி கூற இயலவில்லை.

அத்தாளில் மற்றொரு தொடரும் உண்டு. தாளை வைத்திருப்பவருக்கு அத்தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையொப்பமிட்டு வாக்களிக்கிறார். ‘வைத்திருப்பவர்’ என்றே அவ்வாக்குக் கூறுகிறது. ‘வைத்திருக்கும் குடிமகன்’ என்று கூறவில்லை. பொதுப்பட உரைத்த சொல்லைப் பின்னர்ச் சிறப்பாகக் குறுக்குதல் உரைமரபுக்கும் ஒவ்வாது, அறமரபுக்கும் ஒவ்வாது. வாக்களித்தபோது குடியுரிமை கேளாதவர், வாக்கை நிறைவேற்றும்போது அதனைக் கேட்டல் எவ்வாறு தகும்?

கெடு வையாவிடின் கள்ளத் தாளும் கறுப்புப் பணமும் மீண்டும் நுழையுமே என்று வினவுவாருமுளர். நியாயமான வினாவே. ஆயினும் 2018இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி, விலக்கப்பட்ட 15.41 இலட்சம் கோடி ரூபாயில் 15.31 இலட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது. பெருந்தொகை வைத்திருந்தோர் எப்படியோ வழி கண்டனர் என்பதே இதன் பொருள். வழி காணாது நின்றோருள் இரண்டு தாளும் நான்கு தாளும் வைத்திருந்த எளியோரும் அடங்குவர். வலையின் கண் பெருமீனை விட்டுச் சிறுமீனைப் பிடிக்குமாயின், குற்றம் மீனிலா வலையிலா?

வேறு வழியும் உலகில் உண்டு. இங்கிலாந்து வங்கி தன் பழைய தாள்களைப் புழக்கத்தினின்று விலக்குகிறது. எனினும் எத்தனை ஆண்டு கழித்துக் கொண்டுவந்தாலும் முகமதிப்பைத் தருகிறது. ஜெர்மனியின் மத்திய வங்கி, 2002இல் யூரோத் தாள் வந்த பின்னும், பழைய மார்க்கைக் காலவரையறையின்றி மாற்றித் தருகிறது. கடையிற் செல்லாமை வேறு, வாக்குப் பொய்த்தல் வேறு என்பதை அவ்வங்கிகள் அறிந்துள்ளன. இந்தியாவும் 2023 மே மாதம் 2000 ரூபாய்த் தாளை மீட்டபோது, அது சட்டப்படி செல்லும் என்றே அறிவித்து, கெடுவுக்குப் பின்னும் ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் மாற்ற வழி வைத்தது. 2016இல் இல்லாத நிதானம் இதிற் காணப்படுகிறது, பாராட்டுவோம்.

ஆதலின் எம் வேண்டுகோள் மிகச் சிறியது. அயல்நாட்டார் கையில் எஞ்சிய பழைய இந்தியத் தாள்களுள், ஒருவருக்கு ஐயாயிரம் ரூபாய் அளவேனும், கடவுச்சீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ள இந்திய அரசு ஒருமுறை வாயில் திறக்கவேண்டும். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் அவற்றைப் பெற்றுக்கொண்டால், மலையக மக்களுக்குப் பயணச் செலவு மிஞ்சும். இலங்கை அரசும் தன் கடமையை நினைக்கவேண்டும். எத்தாள் எந்நாட்டிற் செல்லும், எவ்வளவு எடுத்துச் செல்லலாம், எங்கே மாற்றலாம் என்பவற்றைக் கட்டுநாயக்காவிலும் காங்கேசன்துறையிலும் தெளிந்த தமிழில் எழுதி வைத்தல் பெருஞ்செலவன்று.

நம்மவர் கொள்ளவேண்டிய எச்சரிக்கையும் உண்டு. இலங்கை ரூபாயைக் கட்டிக்கொண்டு சென்னையில் இறங்காதீர். அதன் பின்புறத்து வாசகமே இலங்கையினுள் செல்லும் என்றுதான் கூறுகிறது. புறப்படுமுன் வங்கியில் டொலர் பெறுவோர் கிழிசலும் கறையும் பழமையுமற்ற தாளாகக் கேட்டு வாங்குக. திரும்பும்போது மிச்சக் காசை நினைவுக்கென்று முடியாமல் அங்கேயே செலவிடுக, அல்லது மாற்றுக. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் கணக்குப் பாடத்தில் வட்டி விகிதம் கற்பிக்கும்போது நாணய மாற்றையும் கற்பிப்பாராயின், வீட்டிற் பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளைகளே வழிகாட்டுவர்.

1921இல் ஒழிக்கப்படும்வரை, ‘துண்டு’ என்னும் ஒரு காகிதம் இத்தோட்டங்களை ஆண்டது. தொழிலாளியின் கடனை யார் தீர்ப்பாரோ அவருக்கு அவனை விடுவிப்பதாக எழுதிய சீட்டு அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் வேறு காகிதங்கள் அவர்தம் வாழ்வை ஆண்டன. காகிதத்தில் எழுதிய பிறர் வாக்கை நம்பியே இம்மக்கள் இரு நாட்டுக்கும் உழைத்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்கு ஒன்றுமில்லை; கொடுத்ததெல்லாம் உழைப்பே. அது எந்நாட்டிலும் எக்காலத்திலும் செல்லாமற் போனதில்லை. பஸ் கட்டணத்துக்கென முடிந்து வைத்த இரண்டாயிரம் ரூபாயைத் திருப்பித் தருதல் அவர்களுக்குக் காட்டும் சலுகையன்று. எழுதிக் கொடுத்தவர் தம் சொல்லுக்குச் செய்துகொள்ளும் மரியாதை.