“மழை கழுவிவிடும்” என்போருக்கு

கூடங்குளம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் சிலர் இரண்டு சமாதானங்களைக் கையோடு வைத்திருக்கின்றனர். ஒன்று, அச்சுவேலிக்கும் அதற்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மற்றது, எது வந்து படிந்தாலும் ஒரு மாரி கழுவிவிடும் என்பது. இரண்டாவதே ஆபத்தானது.

1986 ஏப்ரலில் செர்நோபில் உலை வெடித்தது. 2,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள வேல்ஸ் மலைகளில் சீசியத்தை இறக்கியதே மழைதான். அவ்வாண்டு அங்கே செம்மறியாட்டு விற்பனைக்கு விதித்த கட்டுப்பாடு 2012இலேயே முற்றாக நீங்கியது. இருபத்தாறு ஆண்டுகள்! வேல்ஸில் பெய்யாத மழையா?

சீசியம்-137இன் அரைவாழ்வுக் காலம் 30 ஆண்டுகள். காட்டில் அது இலையிலும் பட்டையிலும் ஒட்டும், சருகோடு உதிரும், சருகு மக்க, மேல்மண்ணின் சில அங்குலங்களுக்குள் தங்கிவிடும். களித்துகள் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். மக்குப்படையில் கிடப்பதையோ வேரானது பொட்டாசியம் என மயங்கி உறிஞ்சி, மீண்டும் இலைக்கு ஏற்றும். காளான்கள் இன்னும் பேராசை கொண்டவை. தென் ஜேர்மனியில் காட்டுப்பன்றி இறைச்சியை இன்றும் அளந்து பார்த்தே விற்கின்றனர். 2011இன் பின் ஃபுகுஷிமாவில் வீட்டையும் வயலையும் சுரண்டித் துப்புரவாக்கிய யப்பான், காட்டில் குடியிருப்பை ஒட்டிய 20 மீற்றரோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

அச்சுவேலியில் காடு ஏது என்பீர்கள். காடு தானாகச் செய்வதை நமது தோட்டக்காரர் கையால் செய்கிறார். வேலிப் பூவரசை வெட்டிக் குழை தாழ்க்கிறார், பனையோலையைப் புதைக்கிறார். ஆடு தின்பதும் அதே வேலிக் குழையைத்தான். இலையில் படிந்தது ஒரே பருவத்தில் வெங்காயத்தின் வேரடிக்கு வந்துவிடும். யப்பானைப் போல் மேல்மண்ணைச் சுரண்டுவோமா? சுண்ணக்கல்லின்மேல் செம்மண் ஆழமற்றுக் கிடக்கும் காணிகளில் எஞ்சுவது கல்லாகவே இருக்கும்.

கூடங்குளத்தில் அத்தகைய விபத்து நேரவில்லை. நேருமென்று குறி சொல்லவும் நான் வரவில்லை. 2012இல் மின்சக்தி அமைச்சராயிருந்த பாட்டலி சம்பிக்க ரணவக்க இவ்வுலை குறித்துக் கவலை வெளியிட்டார். நமது கரையோரங்களில் கதிர்வீச்சளக்கும் கருவிகளும் வந்தன. நல்லது. அவை காற்றில் கதிர்வீச்சு ஏறியதைச் சொல்லும். எந்தக் காணியில் எவ்வளவு படிந்தது, எவ்வூர்ப் பாலைக் குடிக்கலாம், எந்த வேலிக் குழையை வெட்டலாகாது என்பவற்றைச் சொல்லா.

1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் உலகெங்கும் தூவிய சீசியம் நமது மண்ணிலும் சிறிதளவு இருக்கவே செய்யும். அதனை ஊர் ஊராக அளந்து, கமநல சேவை நிலையங்களில் கமக்காரர் பார்க்கத் தொங்கவிட வேண்டும். பௌதிகவியல் துறையும் விவசாய பீடமும் கொண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தால் இது முடியாத காரியமன்று.