நகல் இருக்கிறது, திறக்குமா?

2017 ஜனவரி 31, இரவு. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் இருந்த டைரக்டரி ஒன்றை அழிக்க நினைத்தார். கட்டளை போனதோ முக்கிய சர்வருக்கு. ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் டேட்டாபேஸில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்தான்.

நகல் எடுத்து வைத்திருப்பார்களே? பல வழிகளில் எடுப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். தினசரி நகல் போய்ச் சேர வேண்டிய இடத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6; நகலெடுக்க ஓடிய புரோகிராமோ 9.2. பழையது புதியதைத் தொட மறுத்து, ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றுவிட்டது. அதைத் தெரிவிக்க வேண்டிய ஈ-மெயில்களும், உரிய அத்தாட்சி இல்லாததால், நிராகரிக்கப்பட்டன. யாருக்கும் தெரியவில்லை.

காப்பாற்றியது தற்செயல்தான். வேறொரு சோதனைக்காக சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்த நகல் ஒன்று இருந்தது. இடைப்பட்ட பதிவுகள் போயே போயின. (நடந்ததை ஒளிக்காமல் அந்த நிறுவனமே வெளியிட்டது, பாராட்ட வேண்டும்.)

உங்கள் அலுவலகத்துக்கு எந்த முறை சரி? சாஃப்ட்வேர் விற்பவரைக் கேட்குமுன் உங்களையே கேளுங்கள்: எத்தனை மணி நேர வேலை போனால் தாங்குவீர்கள்? ஒரு நாள் பில்களை மறுபடி டைப் செய்ய முடியும் என்றால் இரவு ஒரு நகல் போதும். முடியாதென்றால், மாற்றங்களின் பதிவேட்டையும் தொடர்ந்து வேறிடத்துக்கு அனுப்பும் முறை வேண்டும். இரண்டாவது சர்வர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். அது நகல் அல்ல, நிழல். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் உடனே அழியும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்வதும் வேண்டாம். பாதி எழுதிய நிலையில் சிக்கினால் திறக்காது.

எந்த முறையானாலும், மாதம் ஒரு முறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள். நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா? 'பிழை' என்ற செய்தி வரவில்லை என்பதை நம்பாதீர்கள்; 'முடிந்தது' என்ற செய்தி வராத நாளில் விசாரியுங்கள்.

ஏற்றி முடிக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிட்லேப்புக்கு நல்ல நகல் கையில் கிடைத்த பிறகும், மந்தமான டிஸ்க்குகளிலிருந்து அதைக் கொண்டுவர சுமார் 18 மணி நேரம் ஆனது.